மெயினை அணைத்துவிட்டுப் போகிறவர்கள்

இங்கே மாலையானால் அலுவலகத்தை யாரும் மூடுவதில்லை. கிளம்பிப் போவார்கள், அவ்வளவுதான். "ஷோனென் ஃபையராபெண்ட்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். வேலை முடிந்த மாலைப்பொழுது இனிதாகட்டும் என்று அர்த்தம். கோட்டை மாட்டிக்கொண்டு, சைக்கிள் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள். பின்னால் கணினிகள் கண்ணை மூடாமல் கிடக்கும். காபி இயந்திரம் ஆளில்லாத அறையில் தானாக உறுமிக்கொள்ளும். ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்துக்கு நான் வந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் கடைசி ஆளாகக் கிளம்புகிற நாட்களில் கதவருகே ஒரு நொடி நின்றுவிடுகிறேன். கை சுவரில் எதையோ தேடுகிறது. மெயின் ஸ்விட்சைத்தான் தேடுகிறது. வந்த புதிதில் ஒருமுறை, வரவேற்பறையில் இருந்த பெண்ணிடம் கேட்டேவிட்டேன்: இந்தக் கட்டிடத்தின் ஹவுப்ட்ஷால்டர், அதாவது மெயின் ஸ்விட்ச், எங்கே இருக்கிறது? அவள் முகம் வெளுத்துவிட்டது. "எங்கே புகை வருகிறது?" என்றாள். புகையெல்லாம் இல்லை, வீட்டுக்குப் போகிறேன், அதனால்தான் கேட்கிறேன் என்றேன். மறுநாள் பாதுகாப்பு அலுவலர் என் மேசைக்கு வந்து, எனக்கு ஏதாவது மனக்கவலை இருக்கிறதா, யாரிடமாவது பேச விரும்புகிறேனா என்று கனிவோடு விசாரித்தார். அவரிடமும் கேட்டுப் பார்த்தேன். அந்த ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். என்னைப்போல வெளியே வந்து குடியேறியவர்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சிரிக்கலாம். நானும் பல வருடம் விருந்துகளில் இதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. அப்படி ஒரு ஸ்விட்சை அணைத்ததற்காக எங்கள் நிறுவனத்தின் திண்டிவனம் கிளையில் ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்பினார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. ஆறட்டும் என்று கொஞ்ச நாள் எழுதாமல் இருந்து பார்த்தேன். ஆறவில்லை.

முதலில் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் திண்டிவனத்துக்காரன். மரக்காணம் ரோட்டில் வீடு. 1993இல் விழுப்புரத்தில் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். என் சித்தப்பா விழுப்புரத்தில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தார். கல்லூரி விட்டதும் அங்கே போய் ஈயம் உருக்கிக்கொண்டிருப்பேன். அந்த வருடம் மழைக்காலத்தில் ஒரு ராத்திரி கரண்ட் போயிற்று. போனது பெரிய விஷயமில்லை, அது தினமும் போகும். திரும்பி வந்தபோது ஹை வோல்டேஜாக வந்தது. காலையில் சித்தப்பா ஷட்டரைத் தொட்டவர் ஷாக் அடித்துக் கையை உதறிக்கொண்டார். உள்ளே ஊர்க்காரர்களின் டி.வி.க்கள் அத்தனையும் உருகி நின்றன. கோலியனூரிலிருந்து ஒருவர் தன் மகளின் சீர்வரிசை டி.வி.யைக் கேட்டு வந்தார். சித்தப்பா அவரை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் இன்னொரு டீயும் வரவழைத்தார். கரண்ட் ஆபீசில் போய்க் கேட்டதற்கு, "மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போயிருக்கலாம் இல்ல? கடையைத் தொறந்து போட்டுட்டுத் திருடன் வந்தான்னா போலீஸைக் கேப்பியா?" என்று திருப்பிக் கேட்டார்கள். அநியாயம்தான். ஆனால் அன்று முதல் அந்தத் தெருவில் ஷட்டரை இறக்குகிற ஒவ்வொருவரும் முதலில் மெயினை அணைத்தார்கள். மறந்துவிட்டுப் பூட்டுகிறவனைப் பக்கத்துக் கடைக்காரர் விடமாட்டார். "மெயினு ஆஃப் பண்ணிட்டியா?" என்று அங்கிருந்தே கத்துவார். கடை, பள்ளிக்கூடம், ரைஸ் மில், சினிமா கொட்டகை எதுவானாலும் கடைசி ஆள் செய்கிற கடைசிக் காரியம் அதுதான். அதைச் செய்யாமல் போகிறவனை எங்கள் ஊரில் பொறுப்பற்றவன் என்பார்கள்.

பீலெஃபெல்டில் நான் வேலை செய்யும் நிறுவனம் தண்ணீர்ப் பம்புகளுக்கான வால்வுகள் செய்கிறது. கணினி வலையமைப்புப் பிரிவில் இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன், தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த சமயம், எங்கள் நிறுவனம் திண்டிவனத்தில் ஒரு சின்ன கம்பெனியை வாங்கியது. விவசாயப் பம்புகளுக்கு உதிரிப் பாகம் விற்று, பழுதும் பார்த்துக் கொடுக்கிற கம்பெனி. செய்தியைக் கேட்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் ஊர்ப் பெயர் அலுவலகச் சுவரில் இருந்த உலக வரைபடத்தில் ஏறிவிட்டது! டி, ஐ, என், டி என்று எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன். யாராவது என்னிடம் எதையாவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அங்கே இருந்த பழைய இன்டர்காமைக் கழற்றிப் போட்டுவிட்டு, தலைமை அலுவலகத்தில் இருப்பது போன்ற புதிய தொலைபேசிப் பெட்டி ஒன்றை அனுப்பினார்கள். அதை விற்றவர்களின் ஆள் சென்னையிலிருந்து வந்து பொருத்திவிட்டுப் போனான். அதோடு ஒரு தடித்த கையேடும் போயிற்று, முழுக்க முழுக்க ஜெர்மன் மொழியில்.

அந்தப் பெட்டியைப் பற்றி நாலு வரி சொல்ல வேண்டும். இந்தக் காலத்து அலுவலகப் போன்கள் கணினி வலையில்தான் ஓடுகின்றன. வீட்டுக்குக் கதவு எண் போல ஒவ்வொரு போனுக்கும் ஒரு ஐ.பி. முகவரி உண்டு. எந்தப் போனுக்கு எந்த எண் என்று சொல்கிறது அந்தப் பெட்டி. எங்கள் தலைமை அலுவலகம் எல்லாக் கிளைகளையும் ஒரே வலையில் இணைக்கத் தீர்மானித்தது. ஆகவே திண்டிவனத்துப் போன்களின் முகவரிகளையெல்லாம் மாற்ற வேண்டும். அந்த வேலை யூர்கனிடம் போயிற்று. யூர்கன் எங்கள் பிரிவின் தலைவர். சுத்தமான மனிதர்; பென்சிலைக்கூட மேசை விளிம்புக்கு நேராக வைப்பார். அவருக்கு அந்தக் கிளையின் பெட்டி புதிது. தலைமை அலுவலகத்துப் பெட்டியின் தம்பிதானே என்று நினைத்துக்கொண்டார். பீலெஃபெல்டில் உட்கார்ந்தபடியே உள்ளே நுழைந்து முகவரிகளை மாற்றினார். திண்டிவனத்தில் போன்கள் அடித்தன. கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் அவர் வந்து பார்க்கும்போது அங்கே எல்லாப் போன்களும் செத்துக் கிடந்தன. பழைய முகவரியோடு எழுந்து நிற்கிற போனைப் புதிய வலை உள்ளே விடாது. யூர்கன் மறுபடியும் மாற்றினார். அடித்தன. அதற்கடுத்த நாளும் செத்துக் கிடந்தன. பீலெஃபெல்டுக்கும் திண்டிவனத்துக்கும் நேர வித்தியாசம் இருக்கிறதே. இவர் வந்து உட்காரும்போது அங்கே மதியம் ஆகிவிடும். ஆக, திண்டிவனம் கிளைக்குக் காலை முழுவதும் போனே கிடையாது. பம்ப் ஓடாத விவசாயி காலையில்தான் கூப்பிடுவான். கரண்ட் இருக்கிற கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பாய்ச்சியாக வேண்டும் அவனுக்கு. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக் கரும்புக்காரர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பஸ் பிடித்து நேரில் வந்து சண்டை போட்டார்களாம். ஒரு வாரம் ஓடிற்று. தினமும் மதியம் உயிர் வரும், தினமும் ராத்திரி போய்விடும்.

ஒரு காலை யூர்கன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார். யாரோ அந்தப் பெட்டியைத் தினமும் தொடுகிறார்கள், அமைப்புகளைக் கெடுக்கிறார்கள் என்றார். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நினைக்கிறேன் என்றார். பிறகு சொன்னார்: "ஈரெ லாய்ட்டெ." உங்கள் ஆட்கள். "உங்கள் ஆட்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசிப் பாருங்கள். உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள்."

எத்தனை வருடம் அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறேன்! அவர் மகளின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கிப் போயிருக்கிறேன். பெட்டியை வாங்கும்போது, முகவரித் திட்டம் போடும்போது நான் யாருடைய ஆளுமில்லை. பழுது வந்ததும் ஒரே நாளில் அவர்களெல்லாம் என் ஆட்களாகிவிட்டார்கள். காது மடல் சூடேறியது. இந்த ஊரில் கோபத்தைக் குரலில் காட்டினால் காரியம் கெடும். நான் கற்ற முதல் பாடம் அது. வாயை மூடிக்கொண்டேன். அவர் கணினித் திரையில் விழுப்புரத்தில் இருக்கிற எங்கள் வட்டார மேலாளர் பத்மநாபனின் மின்னஞ்சல் இருந்தது. வரவேற்பில் உட்காரும் அமுதா என்கிற பெண்தான் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறாள், கடைசியாகப் பூட்டிக்கொண்டு போகிறவளும் அவளே, அவளை மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன் என்று எழுதியிருந்தார். விசாரணை இல்லை, ஒன்றுமில்லை. கேட்காமலே ஆளைக் காட்டிக் கொடுத்திருந்தார்.

அமுதாவின் கைபேசிக்குக் கூப்பிட்டேன். சாப்பாட்டு இடைவேளை. பின்னால் பஸ் ஹாரன் சத்தமும், யாரோ டீ ஆற்றுகிற சத்தமும் கேட்டன.

"ஜெர்மனிலேர்ந்தா கூப்பிடறீங்க? தமிழ் பேசறீங்க?"

"திண்டிவனம்தாம்மா நான். மரக்காணம் ரோடு."

 கொட்டித் தீர்த்துவிட்டாள். "அப்ப நீங்களே கேளுங்க சார். ஒரு வாரமா எல்லாரும் என்னையே பேஜாரு பண்ணிக்கினு இருக்காங்க. அந்தப் பொட்டி கிட்டயே நான் போறதில்ல சார். அதுல இன்னா பட்டன் இருக்குதுன்னுகூட எனக்குத் தெரியாது. காலைல வந்தா போன் அடிக்காது. வர்றவங்க எல்லாம் என்னைத்தான் திட்டுறாங்க. பத்மநாபன் சார் இன்னாடான்னா நீதான் ஏதோ பண்ணிக்கினு இருக்கறன்றாரு."

"சரிம்மா. சாயங்காலம் கிளம்பறதுக்கு முன்னாடி என்னென்ன பண்ணுவீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"இன்னா பண்ணுவேன்? ஜன்னல் சாத்துவேன். டம்ளரு கழுவி வெப்பேன். மெயினு ஆஃப் பண்ணுவேன். அந்த யு.பி.எஸ்ஸு கீச்கீச்சுனு கத்திக்கினே இருக்கும், வாட்ச்மேன் காது வலிக்குதுன்றாரு, அதையும் ஆஃப் பண்ணிடுவேன். பூட்டிக்கினு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவேன். கோலியனூரு போவணும் சார், விழுப்புரத்துல பஸ் மாறணும்."

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மெயின்! இவ்வளவுதானா? கை சுவரைத் தேடுகிறவன் நான். எனக்கே ஒரு வாரமாக இது உறைக்கவில்லை. அவள் சொன்ன தொனியைக் கவனியுங்கள். டம்ளர் கழுவுவதும் மெயினை அணைப்பதும் அவளுக்கு ஒரே வரிசை. பொறுப்பான ஆள் செய்கிற வேலைகள். பெட்டியைத் தொட்டாயா என்று கேட்டால் இல்லை என்பாள், அது சத்தியம். கரண்ட்டை அணைத்தாயா என்று யாருமே கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? இரண்டு ஊரிலும் அது கேள்வியே இல்லை. அங்கே அணைக்காமல் போகிறவன் கிடையாது. இங்கே அணைக்கிறவன் கிடையாது.

போனை வைப்பதற்கு முன் அமுதா ஒன்று சொன்னாள். "சார், வேலை போச்சுன்னா வீட்ல மறுபடி அனுப்ப மாட்டாங்க. மாமனாரு மல்லாட்டை உரிக்க உட்கார வெச்சிடுவாரு. இதுக்கே எவ்ளோ சண்டை போட்டு வந்திருக்கறேன் தெரியுமா? கொஞ்சம் பாத்து சொல்லுங்க சார்." மல்லாட்டை எங்கள் பக்கத்து வேர்க்கடலை. அவள் கெஞ்சவில்லை. கடையில் சாமானைப் பார்த்து வாங்கச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

பெட்டிக்குள் நுழைந்து பார்த்தேன். நினைத்தது சரி. முகவரியை மாற்றியதும் அது உடனே வேலை செய்யும். ஆனால் நிலையாகப் பதியாது. பதிய வைக்க வேறொரு பக்கத்துக்குப் போய் ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கரண்ட் போய் வந்ததும் கடைசியாகப் பதிந்திருப்பது எதுவோ அதற்குத் திரும்பிவிடும். பெட்டியைப் பொருத்திய சென்னைக்காரன் பழைய முகவரிகளைப் பதிந்துவிட்டுப் போயிருந்தான். அதனால்தான் அதுவரை அமுதா தினமும் அணைத்தும் எந்தத் தொல்லையும் வரவில்லை. யூர்கன் மாற்றினார், பதியவில்லை. தலைமை அலுவலகத்துப் பெட்டி பிறந்ததிலிருந்து ஒரு நாளும் தூங்கியதில்லை. ஆகவே பதியாததன் பலனை அவர் கண்டதேயில்லை. நான் முகவரிகளைச் சரிபார்த்து, பதிந்துவிட்டு, அமுதாவுக்குத் திரும்பக் கூப்பிட்டேன். இன்றைக்கும் வழக்கம்போலவே மெயினை அணைத்துவிட்டுப் போங்கள், ஒன்றையும் மாற்ற வேண்டாம் என்றேன். "நிஜமாவா சார்?" என்று சந்தேகமாகக் கேட்டாள்.

மறுநாள் விடியற்காலையிலேயே அலுவலகம் போய் உட்கார்ந்திருந்தேன். என் மேசைப் போன் அடித்தது. சின்னத் திரையில் திண்டிவனம் என்று விழுந்தது. எடுத்தேன்.

"அண்ணா! அடிக்குதுண்ணா! எல்லா போனும் உசுரோட கீதுண்ணா! மெயினு போட்டதுமே எல்லாம் லைட்டு வந்துடுச்சு. நான் நேத்து ஆஃப் பண்ணிட்டுத்தான் போனேன், சாமி சத்தியமா!"

அண்ணா என்று அவளாகவே கூப்பிட்டாள். எத்தனை வருடமாயிற்று அலுவலகத்தில் அந்தச் சொல்லைக் கேட்டு! ஆளில்லாத அந்தத் தளத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். துப்புரவு செய்துகொண்டிருந்த துருக்கியப் பெண் என்னைப் பார்த்துத் தானும் சிரித்தாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்பினேன். அந்த நம்பிக்கைதான் இப்போதும் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

யூர்கனிடம் விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஓர் அலுவலகத்தை எதற்காக ஒருவர் அணைக்க வேண்டும்?" என்றார். ஹை வோல்டேஜைச் சொன்னேன். சித்தப்பாவின் கடையைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார், தூர தேசத்து விலங்கு ஒன்றைப் பற்றிய படத்தைப் பார்ப்பதுபோல. பிறகு அறிக்கை எழுதினார். அதில், "கிளைப் பணியாளரின் தவறான கையாளுகை. சரிசெய்யப்பட்டது" என்றிருந்தது. அதைப் படித்ததும் நேராக அவர் அறைக்குப் போனேன்.

"இது உண்மையில்லை. மாற்றங்கள் பதியப்படவில்லை. அதுதான் காரணம்."

"அவர் மின்சாரத்தைத் துண்டித்தார். பெட்டியை அணைக்கக் கூடாது என்று கையேட்டில் தெளிவாக இருக்கிறது."

"கையேடு ஜெர்மன் மொழியில் இருக்கிறது, யூர்கன்."

அவர் நெற்றி சுருங்கியது. அந்தப் பெண்ணின் பெயரைத் தான் எழுதவில்லையே என்றார். இது வெறும் தொழில்நுட்ப விவரம் என்றார். கடைசியாக அந்த வாக்கியத்தைச் சொன்னார்: "நேமென் ஸீ தஸ் நிஷ்ட் பெர்ஸோன்லிஷ்." இதைச் சொந்த விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நேற்று அவர்கள் என் ஆட்கள். இன்று எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை! அன்று இந்த ஊருக்கு வந்தபிறகு முதல் தடவையாக அலுவலகத்தில் குரலை உயர்த்தினேன். ஜெர்மனில் ஆரம்பித்து, பாதியில் தமிழுக்குப் போய்விட்டேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. அவருக்குப் புரியவில்லை, ஆனால் வெளியே இருந்தவர்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். மேலிடத்துக்கும் எழுதினேன். விஷயம் தீர்ந்துவிட்டது, உங்கள் முயற்சிக்கு நன்றி என்று பதில் வந்தது.

விழுப்புரத்துக்குக் கூப்பிட்டேன். நம்மவரிடம் தமிழில் சொன்னால் புரியும் என்று ஒரு நப்பாசை.

"பத்மநாபன் சார், அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. நான் சோதிச்சுப் பாத்துட்டேன். நீங்களும் ராத்திரி மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தானே வீட்டுக்குப் போவீங்க?"

"பண்ணுவேன் சார். யாரு இல்லன்னா? எங்க வீட்லகூட ஊருக்குப் போனா ஆஃப் பண்ணிட்டுத்தான் போவோம்."

"அப்புறம்?"

"இன்னா சார் இப்படிக் கேக்கறீங்க? மேல இருந்து ரிப்போர்ட்டு வந்துடுச்சு. பணியாளர் தப்புன்னு போட்டிருக்கு. இல்ல, உங்க தப்புதான்னு நான் அவங்களுக்கு எழுத முடியுமா? நாளைக்கு என் சீட்டுல நான் உட்கார வேணாமா? புதுசா ஒரு பொண்ணையும் வரச் சொல்லிட்டேன். நீங்க என்னைக் கோச்சிக்காதீங்க. எழுதினது உங்க ஆளுங்கதான் சார்."

உங்க ஆளுங்க! அதே வார்த்தை. ஒரே வாரத்தில் இரண்டாம் தடவை. அங்கே போன் வைக்கிற சத்தம் கேட்ட பிறகும் நான் காதில் வைத்துக்கொண்டே நின்றேன். இந்த மனிதருக்கு எல்லாம் தெரியும். மெயினை ஏன் அணைக்கிறோம் என்று தெரியும்; அவள் பொறுப்பாகத்தான் இருந்தாள் என்றும் தெரியும். யூர்கனுக்குத் தெரியவில்லை, சரி. தெரிந்த ஒருவர் தெரியாதவரின் காகிதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் அவரை என்ன செய்வது? யூர்கனை மன்னித்தாலும் மன்னிப்பேன், இவரை முடியாது என்று அன்று நினைத்தேன். இன்று அதுவும் சந்தேகமாக இருக்கிறது. இருவரையும் மன்னிக்க மனம் வரவில்லை.

அமுதாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவளுடைய கைபேசிக்குப் பலமுறை கூப்பிட்டேன். ஒருமுறை ஓர் ஆண் குரல் எடுத்து, "அது இனிமே வேலைக்குலாம் வராதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டது.

அதற்கடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது திண்டிவனம் கிளைக்குப் போனேன். மெயின் ஸ்விட்சைச் சுற்றி இரும்புக் கூண்டு போட்டுப் பூட்டியிருந்தார்கள். மேலே சிவப்பில் ஆங்கிலத்தில் ஓர் அட்டை: அணைக்கக் கூடாது. வரவேற்பில் புதிய பெண் உட்கார்ந்திருந்தாள். கோடையில் ஹை வோல்டேஜ் வந்து இரண்டு கணினிகள் புகைந்துபோனதாகச் சொன்னாள். "ஏன் யாரும் ஆஃப் பண்ணலைன்னு ஜெர்மனிலேர்ந்து கேட்டாங்களாம் சார்" என்றாள். அவளுக்குச் சிரிப்பு. எனக்குப் பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

அமுதா எங்கே என்று விசாரித்தேன். ஒரு சாகுபடிக் காலம் முழுக்க வீட்டில் இருந்துவிட்டு, மறுபடியும் சண்டை போட்டு வெளியே வந்து, விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாளாம். போய்ச் சேரும்போது கடை மூடுகிற நேரம். அதுவரை குரலாக மட்டும் தெரிந்த பெண். ஒல்லியாக, காதில் பேனாவைச் செருகிக்கொண்டு நின்றாள். யாரென்று சொன்னதும் உட்காரச் சொன்னாள். முகத்தில் பெரிய மலர்ச்சியும் இல்லை, வெறுப்பும் இல்லை.

"உங்க விஷயத்துல என்னால ஒண்ணும் செய்ய முடியலம்மா," என்றேன். "மேல வரைக்கும் எழுதினேன். யாரும் கேக்கல."

"நீங்க இன்னா சார் பண்ணுவீங்க? நீங்களும் அங்க வேலை பாக்கறவருதானே." சாதாரணமாகத்தான் சொன்னாள். "எனக்குக் கோபம்லாம் இருந்துச்சு. உங்க மேலயும் இருந்துச்சு. ஆஃப் பண்ணிட்டுப் போன்னு சொன்னீங்க, பண்ணேன். போன் அடிச்சுது. அப்பவும் அனுப்பிட்டாங்க. அப்ப நான் தப்பு பண்ணாலும் அனுப்புவாங்க, பண்ணலைன்னாலும் அனுப்புவாங்க. அவ்ளோதான் சார் தெரிஞ்சுக்கினேன்."

 அவள் காகிதக் கட்டுகளை உள்ளே தள்ளி, இயந்திரத்துக்குத் துணி போட்டு மூடினாள். வெளியே வாங்க சார் என்றாள். நான் வாசலுக்கு வந்ததும் சுவரில் கை வைத்துப் பார்க்காமலே மெயினை இறக்கினாள். கடை இருண்டது. சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய அந்த டக்கென்ற சத்தம் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது! இது என் ஊர், என் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ஷட்டரை இழுத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"உங்க ஊர்ல இப்படிலாம் பண்ண மாட்டாங்க இல்ல சார்?"

மரக்காணம் ரோட்டுக்காரனிடம் கோலியனூர்ப் பெண் கேட்கிறாள், உங்க ஊர் என்று. போன் அடித்த அந்தக் காலையில் அண்ணா என்று கூப்பிட்டவள் மறுபடி சார் என்றே முடித்துவிட்டாள். யூர்கனிடமாவது கத்தினேன். இவளிடம் என்னவென்று கத்துவது? அவள் கணக்கில் நான் அணைக்காத ஊர்க்காரன். பண்ண மாட்டாங்கம்மா என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவள் வேகமாக நடந்து போனாள்.

விடுமுறை முடிந்து பீலெஃபெல்ட் திரும்பினேன். ஊருக்குப் போகும்போது இங்கே என் வீட்டின் மெயினை அணைத்துவிட்டுத்தான் போவேன். குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்து, கதவு மூடிக்கொள்ளாமல் ஒரு துண்டை மடித்து வைத்துவிட்டு. அழைப்பு மணி வேலை செய்யாததால் என் பார்சல் திரும்பிப் போய்விட்டதாகக் கீழ்வீட்டு அம்மாள் படிக்கட்டிலேயே நிறுத்திக் குறைபட்டார். எல்லாவற்றையும் அணைத்துவிட்டா போனீர்கள், எதற்காக என்று கேட்டார். எங்கள் ஊரில் அப்படித்தான் என்றேன். "ஆனால் இப்போது நீங்கள் இங்கே அல்லவா இருக்கிறீர்கள்" என்றார். கதவைத் திறந்து மெயினை ஏற்றினேன். விளக்குகள் எரிந்தன, அறை மெல்லச் சூடேறத் தொடங்கியது. சமையலறை அடுப்பில் ஒரு கடிகாரம் உண்டு. கரண்ட் போய் வந்தால் அதற்கு ஒன்றும் நினைவிருக்காது. நாலு பூஜ்யங்களைக் காட்டி விட்டுவிட்டு மினுக்கும், மணியை யாராவது சொன்னால்தான் ஓடும். விரலை அதன் பொத்தான்மேல் வைத்தேன். என் கைக்கடிகாரம் இன்னும் திண்டிவனத்து நேரத்தில் இருந்தது. விழுப்புரத்தில் இந்நேரம் அமுதா ஷட்டரைத் திறந்து மெயினைப் போட்டிருப்பாள். ஜன்னலுக்கு வெளியே இங்கே இன்னும் விடிந்திருக்கவில்லை. பொத்தானை அழுத்தாமல் விரலை எடுத்துக்கொண்டேன். வந்து ஒரு மாதமாகப்போகிறது. அடுப்பில் நாலு பூஜ்யங்களும் இன்னும் மினுக்கிக்கொண்டுதான் இருக்கின்றன.